பினாங்கு வீட்டுக்குப் புதுக்காற்றுக் கருவி வாங்கும் முன்: வெப்பத்தை விடுங்கள், ஈரத்தைக் கணக்குப் பாருங்கள்

கூரைக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு விரித்தாயிற்று, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய நாக்கோ சன்னல்களைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டை வைத்த சன்னல் போட்டாயிற்று, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏர்கோனும் மாட்டியாயிற்று, மின்கட்டணமும் இறங்கிவிட்டது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அலமாரியில் மடித்து வைத்த பட்டுச்சேலையில் பூஞ்சணம், காலையில் எழுந்தால் தலைபாரம், வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு புழுங்கிய வாடை. காரணம் எளிது. சுவரில் மாட்டும் ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. முன்பு நாக்கோ சன்னலின் இடுக்கு வழியாகக் காற்று தானாக மாறிக்கொண்டிருந்தது, அந்த வழியை நாமே அடைத்துவிட்டோம்.

சரி, அறைக்காற்றை மாற்றி வெளிக்காற்றைக் கொண்டுவரும் புதுக்காற்றுக் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினால், கையில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை ஜெர்மனி, கனடா போன்ற குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. அங்கே கவலை வெப்பம் வெளியே போய்விடக் கூடாது என்பது. நம் கவலை ஈரம் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் விற்பனையாளர் காட்டும் பாதிப் பொருட்களை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

பணம் போடுவதற்கு முன் கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். வகை உணரி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பல, வேறு வாயுக்களை உணர்ந்து கரியமில வாயுவை ஊகித்துச் சொல்பவை, அவற்றை நம்ப முடியாது. தலைமாட்டில் மூச்சுக்காற்று படும் இடத்தில் வைக்காமல், இரண்டு மூன்று அடி தள்ளி மேசை உயரத்தில் வையுங்கள். வெளிக்காற்றில் இது 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். வேலையிடங்களுக்காக மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்று நெறிமுறை 1,000 பி.பி.எம்.மை மேல் வரம்பாகவும், ஈரப்பதத்துக்கு 40 முதல் 70 விழுக்காட்டையும் வைத்திருக்கிறது. வீட்டுக்கு அது சட்டமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். இருவர் படுக்கும் சின்ன அறையைக் கதவு சன்னல் சாத்திவிட்டு ஏர்கோன் போட்டால் விடியற்காலையில் 2,000-த்தைச் சுலபமாகத் தாண்டும். தூங்கும் ஒருவர் மணிக்கு 12, 13 லிட்டர் கரியமில வாயு விடுகிறார், அது வெளியேற வழியில்லை.

அதோடு பத்து ரிங்கிட் ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். ஒரு வாரம் போதும்.

அப்புறம், எவ்வளவு நேரம் ஏர்கோன் ஓடுகிறது என்று உண்மையாகக் கணக்கெடுங்கள். ஈரத்தைத் தடுக்கும் எந்தக் கருவியும் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வறண்டிருக்கும்போதுதான் வேலை செய்யும். ஏர்கோன் ஓடாத நேரத்தில் உள்ளும் வெளியும் ஒன்றுதான், தடுப்பதற்கு ஒன்றுமில்லை. பகல் முழுக்கச் சன்னலைத் திறந்து வைத்துக் காற்றாடியில் இருக்கும் வீட்டுக்குக் கூடத்தில் பல்லாயிரம் ரிங்கிட் கருவி தேவையே இல்லை. நம் கட்டட விதிகளே, 1984-இன் யூ.பி.பி.எல்., குடியிருக்கும் அறைகளுக்குத் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னலும் 5 விழுக்காடு தடையில்லாத திறப்பும் கேட்கின்றன. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்ததும் இதற்குத்தான். அந்த முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டு உள்ளே மூச்சு முட்டுகிறது என்பவர்கள், முதலில் அந்தத் தகட்டை ஓரடி உயர்த்திப் பக்கவாட்டைத் திறந்து விடட்டும், செலவு அதிகமில்லை.

ஆக, இந்தக் கட்டுரை யாருக்கு என்றால், இரவில் படுக்கையறைகளைச் சாத்தி ஏர்கோன் போடுபவர்களுக்கும், கொசு, திருட்டு, சாலைப் புகை, புகைமூட்டம் என்று ஏதோ ஒரு காரணத்தால் சன்னலைத் திறக்க முடியாதவர்களுக்கும். 2015-இலும் 2019-இலும் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடியபோது வீட்டுக்குள்ளும் தொண்டை எரிந்தது நினைவிருக்கும்.

ஈரக் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். மழை விட்ட மாலையில் 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். ஏர்கோன் போட்ட அறையில் 25 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 12 கிராம். வித்தியாசம் 8 கிராம். மணிக்கு 120 கன மீட்டர் வெளிக்காற்றை அப்படியே உள்ளே விட்டால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றுவதற்குச் சமம். அதை வடித்து எடுக்க ஏர்கோன் செலவிடும் சக்தி, அந்த மூன்று டிகிரியைக் குறைக்கச் செலவிடுவதைப்போல ஆறு மடங்குக்கும் மேல்.

அதனால்தான் எச்.ஆர்.வி. எனப்படும், வெப்பத்தை மட்டும் மீட்கும் கருவி இங்கே பயனற்றது. அதன் அலுமினிய அல்லது பிளாஸ்டிக் தகடுகள் 90 விழுக்காடு வெப்பம் மீட்பதாகத் தயாரிப்பாளரின் விவர ஏட்டில் போட்டிருப்பார்கள், பொய்யில்லை, ஆனால் ஈரம் முழுவதும் உள்ளே வந்துவிடும். நமக்கு வேண்டியது இ.ஆர்.வி., ஈரத்தையும் சேர்த்துப் பரிமாறும் கருவி. வெளியே போகும் வறண்ட காற்றும் உள்ளே வரும் ஈரக்காற்றும் மெல்லிய தாள் அல்லது பாலிமர் சவ்வின் இருபுறமும் ஓடும்போது, ஈரம் சவ்வைத் தாண்டி வெளியே போகும் காற்றோடு போய்விடும். 60 விழுக்காடு ஈர மீட்பு உள்ள கருவியானால் மேலே சொன்ன ஒரு லிட்டர் அரை லிட்டருக்கும் கீழே இறங்கும்.

இறங்கும், மறைந்துவிடாது. இ.ஆர்.வி. காற்றை உலர்த்தும் கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீதி ஈரத்தை ஏர்கோன்தான் எடுக்க வேண்டும், இங்கேதான் சிக்கன வீட்டின் சங்கடம் இருக்கிறது. வீடு வெப்பம் புகாமல் நன்றாகக் காப்பிடப்பட்டிருந்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சுருள் அவ்வளவு சில்லென்று இருக்காது, தண்ணீர் வடிவது குறையும். 24 டிகிரி காட்டும், ஆனால் 72 விழுக்காடு ஈரம், போர்வை நசநசக்கும். வெயில் வெப்பத்தைக் கூரையில் தடுத்துவிட்டோம், நம் மூச்சிலும் வெளிக்காற்றிலும் வரும் ஈரத்தைக் கூரை தடுக்காதே. ஆகவே நன்றாகக் காப்பிட்ட வீட்டுக்கு, இ.ஆர்.வி.யோடு தனியாக ஈரமுறிஞ்சும் மின்கருவி ஒன்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஏர்கோனை 20 டிகிரிக்கு இறக்கிப் போர்வைக்குள் நடுங்க வேண்டிவரும்.

எந்த வகை

காற்றை வெளியே மட்டும் இழுக்கும் மின்விசிறி மலிவு. அதை மட்டும் நம்பி ஏர்கோன் அறையை விடாதீர்கள். உறிஞ்சும் காற்றுக்கு ஈடாக ஈரமான வெளிக்காற்று சுவர் இடுக்கு, பிளக் பெட்டி, சிலிங் ஓட்டை வழியாக உள்ளே புகும், குளிர்ந்த இடத்தில் பட்டு நீராகும், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டில் பரவாயில்லாத முறை நம் ஊரில் வீட்டைக் கெடுக்கும். குளியலறையில் குளிக்கும்போதும் பின் கொஞ்ச நேரமும் ஓட விடுவது வேறு, அது வேண்டும்.

வடிகட்டி வைத்து வெளிக்காற்றை உள்ளே மட்டும் தள்ளும் கருவி இதற்கு நேர்மாறு. அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இடுக்குகள் வழியாக வறண்ட காற்று வெளியே போகும், சுவருக்கு நல்லது, புகைமூட்டக் காலத்திலும் வடிகட்டாத காற்று புகாது. ஒரே ஓட்டை, ஒரே விசிறி. ஈரத்தைத் தடுக்காது என்பதுதான் குறை. ஓர் அறை, இரண்டு பேர், இரவு எட்டு மணி நேரம் என்றால் ஏர்கோன் அதைச் சமாளித்துவிடும். சின்ன வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் என் முதல் பரிந்துரை இதுதான், விற்பவர்களுக்கு இதில் லாபம் குறைவு என்பதால் கேட்டால்தான் காட்டுவார்கள்.

சுவரில் துளைத்து மாட்டி, ஒரு நிமிடம் உள்ளே ஒரு நிமிடம் வெளியே என்று மாறி மாறி ஊதும் பீங்கான் கருவிகளும் விற்கின்றன. அந்தப் பீங்கான் வெப்பத்தைத்தான் பிடித்து வைக்கும், ஈரத்தைப் பெரிதாகத் தடுக்காது. உயரமான அடுக்குமாடிக் கொண்டோவில் கடல்காற்று அடித்தால் அதன் சின்ன விசிறி தோற்றுப்போகும். எனக்குப் பிடிக்கவில்லை.

ஏர்கோனிலேயே புதுக்காற்றுக் குழாய் வைத்த மாடல்கள் வருகின்றன. மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதிலைக் கீழே உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள்.

வீடு முழுக்கவோ மாடி முழுக்கவோ நாள் பெரும்பகுதி ஏர்கோனில் இருக்கிறதா, வயதானவர்களோ ஆஸ்துமா உள்ள பிள்ளையோ இருக்கிறார்களா, புதிதாகக் கட்டுகிறீர்களா, அப்போது இ.ஆர்.வி.க்குப் போங்கள்.

எவ்வளவு காற்று

படுக்கையறைக்கு ஆளுக்கு மணிக்கு 25 முதல் 30 கன மீட்டர். இருவருக்கு 60 கன மீட்டர் கொடுத்தால் கரியமில வாயு 850-க்குப் பக்கத்தில் நிற்கும், அதில் பாதி கொடுத்தால் 1,250. முழு வீட்டுக்கு, அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.2 தரநிலைக் கணக்கு இது: சதுர அடியை 0.03-ஆல் பெருக்குங்கள், படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி 7.5-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் சேர்த்தால் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. 1,400 சதுர அடி, மூன்று அறை வீட்டுக்கு 42-உம் 30-உம் சேர்ந்து 72, அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு 122 கன மீட்டர். "பெரிசா போட்டுக்கங்க, நல்லது" என்பார்கள். வேண்டாம், கூடுதல் காற்று கூடுதல் ஈரம். பெரிய கருவி வாங்கி மெதுவாக ஓட்டினால் மட்டும் சரி, சத்தம் குறையும்.

குழாய் எங்கே போகிறது

குளிர்நாட்டு வழக்கப்படி நல்ல காற்றைப் படுக்கையறையில் விட்டு, பழைய காற்றைக் கூடத்திலோ குளியலறையிலோ எடுப்பார்கள். நம் ஊர்க் குத்தகையாளர்களும் ஏட்டைப் பார்த்து அப்படியே வரைந்து தருவார்கள். ஆனால் நம் வீட்டில் படுக்கையறை மட்டும்தானே ஏர்கோன்? மாடிக் கூடம் வெளிக்காற்று மாதிரி ஈரமாக இருக்கும். அங்கிருந்து காற்றை எடுத்தால் கருவிக்குள் இருபுறமும் ஈரக்காற்றுதான் ஓடும், மீட்பதற்கு ஒன்றுமில்லை, கொடுத்த பணம் தண்டம். ஆகவே ஏர்கோன் ஓடும் அறையிலேயே விடும் வாயும் எடுக்கும் வாயும் இருக்க வேண்டும், எதிரெதிர் மூலைகளில், விட்ட காற்றையே உடனே எடுத்துவிடாதபடி. எடுப்பதைவிட விடுவது கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும்.

வெளிக்காற்றை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த தலைவலி. தாமான் எனும் குடியிருப்புப் பேட்டையின் வரிசை வீடுகளில் நடு வீட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டே முகம்தான். முன்னால் கார் போர்ச், காலையில் வண்டியை முடுக்கினால் புகை நேரே உள்ளே வரும். பின்னால் பின்சந்து, சாக்கடை, அடுத்த வீட்டு அடுப்படியில் சம்பல் வதக்கும் நெடி. மாடியின் முன்சுவரில், போர்ச் கூரைக்கு நன்கு மேலே எடுப்பதுதான் இருப்பதில் நல்லது, பழைய காற்றைப் பின்பக்கம் விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே சுவரில் வைத்தே ஆக வேண்டுமானால் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள், ஏர்கோனின் வெளிப்பெட்டிக்கு மேலே வைக்காதீர்கள். அண்டை வீட்டில் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஊதுபத்தியும் தாளும் கொளுத்துவார்கள், நம் வீட்டிலும் சாம்பிராணி போடுகிறோம், அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், எதிர்பார்த்து வாயை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கி வைப்பதுதான் வழி. எந்தக் காரணம் கொண்டும் கூரை ஓட்டுக்கு அடியில் இருக்கும் காற்றை எடுக்க விடாதீர்கள், வெந்த தூசியும் எலிப்புழுக்கையும் கண்ணாடிப் பஞ்சும் கலந்த காற்று அது. சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டு இப்படிச் செய்பவர்கள் உண்டு.

தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரம் இருப்பவர்கள் வெளிமூடியைப் பிளாஸ்டிக்கிலோ 316 வகை எவர்சில்வரிலோ கேளுங்கள், சாதாரண இரும்பு உப்புக்காற்றில் நிற்காது.

மடக்கி நீட்டும் அலுமினியக் குழாய் குத்தகையாளருக்குச் சுகம், உங்களுக்கு நஷ்டம். வளைவில் நசுங்கிக் காற்று குறையும், சத்தம் கூடும். வளையாத கெட்டிக் குழாய் போடச் சொல்லுங்கள், கடைசி ஒரு முழம் மட்டும் மடக்குக் குழாயாக இருந்தால் போதும். ஏர்கோன் அறையின் சிலிங்குக்கு மேல் ஓடும் வெளிக்காற்றுக் குழாய்க்கு ஈரம் ஊடுருவாத, மூடிய துளை ரப்பர் நுரை உறை முழுநீளத்துக்கும் இடைவெளியில்லாமல் வேண்டும். உறை விட்டுப்போன இடத்தில் வேர்த்து, பிளாஸ்டர் சிலிங்கில் பழுப்பு வட்டம் விழும்.

ஏட்டைப் படிக்கும்போது

பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். டைகின் தன் வி.ஏ.எம். வரிசையை எச்.ஆர்.வி. என்றே அழைக்கிறது, ஆனால் அது ஈரத்தையும் பரிமாறும். மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் லாஸ்னே 1970-இலிருந்து ஜப்பானில் வரும் தாள் உள்ளீட்டுக் கருவி (உள்ளீடு என்பது இரு காற்றும் வெப்பமும் ஈரமும் மாற்றிக்கொள்ளும் நடுப்பாகம்). இப்படிப்பட்ட ஏடுகளில் மொத்த மீட்புத் திறன் சூடாக்கும் காலத்துக்கு ஒன்று, குளிர்விக்கும் காலத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். குளிர்விக்கும் எண்தான் நமக்கு, பொதுவாக அது குறைவாக இருக்கும். ஈர மீட்பு மட்டும் தனியாக எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

"மணிக்கு 150 கன மீட்டர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எந்த அழுத்தத்தில் என்று பாருங்கள். குழாயும் வடிகட்டியும் இல்லாமல் அளந்த எண்ணாக இருக்கலாம். 100 பாஸ்கலில் எவ்வளவு தருகிறது என்பதுதான் கணக்கு. மின்சாரத்துக்கு, ஒரு கன மீட்டருக்கு 0.45 வாட்-மணிக்குள் என்பது, மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரநிலையின் வரம்பு. மணிக்கு 120 கன மீட்டருக்கு 54 வாட், நாள் முழுக்க ஓடினால் மாதம் 39 யூனிட், யூனிட் 45 சென் என்று வைத்தால் 18 ரிங்கிட்டுக்குள். படுக்கையறையில் சத்தம் 30 டெசிபலுக்குள், அதுவும் நீங்கள் ஓட்டப்போகும் வேகத்தில்.

வடிகட்டிக்குப் பழைய கணக்கில் எஃப்7, புதிய ஐ.எஸ்.ஓ. 16890 கணக்கில் இ.பி.எம்.1 50 விழுக்காடு, அமெரிக்கக் கணக்கில் மெர்வ் 13, இவற்றுக்குக் கீழே போகாதீர்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி நல்லதுதான், ஆனால் சின்ன விசிறி அதைத் தாண்டி ஊத முடியாமல் காற்று பாதியாகிவிடும். மாற்று வடிகட்டி பினாங்கிலேயே கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும் அன்றே கேளுங்கள். தாள் உள்ளீட்டைத் தண்ணீரில் கழுவக் கூடாது, தூசி உறிஞ்சியால் மெதுவாக எடுக்க வேண்டும். வேலைக்கு வரும் ஆளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், ஏர்கோன் கழுவும் பழக்கத்தில் பைப்பைத் திருப்பிவிடுவார். புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் கருவியை அணைக்காமல் வேகத்தைக் குறைத்து, அறைக்குள் தனிச் சுத்திகரிப்பானை ஓட்டுங்கள்.

அடுப்படிப் புகைபோக்கியை எக்காரணத்தாலும் இதோடு இணைக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளீட்டை அடைத்துவிடும். தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்தி, அடுப்படிச் சன்னலைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் இறுக்கமான வீட்டில் பெரிய புகைபோக்கி குளியலறைச் சாக்கடை நாற்றத்தை இழுத்து வரும்.

கொண்டோக்காரர்களுக்கு ஒன்று. வெளிச்சுவர் உங்களுடையது அல்ல, பொதுச்சொத்து. துளைப்பதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சன்னல் கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தில் துளை போட்ட பலகை வைத்து, போகும்போது பழைய கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடலாம். அதற்கும் சில நிர்வாகங்கள் முகம் சுளிக்கும், ஆகவே கேட்டுவிட்டே செய்யுங்கள்.

மாட்டி முடித்ததும் குத்தகை எடுத்த தவுக்கே (முதலாளி) விசிறியைப் போட்டுக் காட்டி, "காத்து வருதுல்ல" என்று கையைக் காட்டச் சொல்வார். கையை நம்பாதீர்கள். 100 லிட்டர் குப்பைப் பை ஒன்றைத் தட்டையாக மடித்து, வாயை ஓர் அட்டைச் சட்டத்தில் ஒட்டி, காற்று வரும் துளையின் மேல் பொருத்திக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஆறு விநாடியில் நிரம்பினால் மணிக்கு 60 கன மீட்டர், பன்னிரண்டு ஆனால் 30. ஒவ்வோர் அறையிலும், வடிகட்டி போட்ட நிலையில், கதவைச் சாத்தி, இரவில் ஓட்டப்போகும் வேகத்தில் இதைச் செய்யுங்கள். எண்கள் ஒப்பந்தத்தில் எழுதியதற்குப் பக்கத்தில் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.